எத்தினை மறிச்சனி?

என்ரை முன்பல்லு ரெண்டும் கட்டுப்பல்லு. பாரிசிலை, லா சப்பல் தெருவிலை, மாமாவின்ரை பலசரக்குக் கடையிலைதான் இப்ப எனக்கு வேலை. மத்தியானம் சாப்பிட்டு முடிய நான் அதைக் கழட்டிக் கழுவுறதைக் கண்டால் கடைக்கு வாற சனம் விடாது. "என்ன தம்பி, இந்த வயசிலை பல்லில்லையோ? ஆரும் அடிச்சுப்போட்டாங்களோ?" ஓம், அடிச்சுத்தான் போட்டாங்கள், அதுக்குச் சம்பளமும் தந்தவங்கள் எண்டு சொல்லுவன். அதுக்கு மேலை விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. எனக்குப் பொறுமை ஒரு நாளும் இருந்ததில்லை, அம்மாவைக் கேட்டால் தெரியும்.

நான் ஐஸ் ஹொக்கி விளையாடிச் சீவிச்சனான். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் என்ரை தொழில். பனிக்கட்டித் தளத்திலை, காலிலை கத்தி பூட்டின சப்பாத்தோடை, கையிலை மட்டையோடை, ஒரு கறுப்பு றப்பர் வட்டுக்குப் பின்னாலை ஓடுற விளையாட்டு. அதிலை நான் டிஃபென்ஸ். கோல் அடிக்கிற ஆள் இல்லை, மற்றவன் கோல் அடிக்காமல் மறிக்கிற ஆள். யாழ்ப்பாணத்திலை பிறந்தவனுக்கு உது என்ன விசர் வேலை எண்டு கேக்காத ஆள் இந்தத் தெருவிலை இல்லை.

அந்தப் பெருமையைச் சொல்ல நான் இதை எழுதேல்லை. என்ரை அப்பா சாகேக்கை நான் பக்கத்திலை இல்லை. இருந்திருக்கலாம். நான் நிண்ட ஊரிலையிருந்து பாரிசுக்கு ரயிலிலை மூண்டு மணித்தியாலம். ஆனால் என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. அதைத்தான் சொல்ல வந்தனான். சொன்னால் நெஞ்சு ஆறுமோ எண்டு பாக்கிறன்.

அப்பாதான் முதல் வந்தவர். நானும் அம்மாவும் பேந்து வந்து சேரேக்கை எனக்கு ஆறு வயசு. பாரிசுக்குப் பக்கத்திலை எபினேயிலை ஒரு சின்ன வீடு. அப்பாவுக்கு லா சப்பலிலை ஒரு சாப்பாட்டுக்கடையிலை கொத்துரொட்டி போடுற வேலை. பள்ளிக்கூடத்திலை ஒரு நாள் எங்களை வரிசையாக் கூட்டிக்கொண்டு போய் பத்தினுவாரிலை விட்டவை. பத்தினுவார் எண்டு இஞ்சை சொல்லுறது அந்தப் பனிச்சறுக்குத் தளத்தைத்தான். எல்லாப் பெடியளும் ஓரக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை போகப் பழகினாங்கள். நான் விழுந்து விழுந்து எழும்பிக் கடைசியிலை கண்டுபிடிச்சது, எனக்குப் பின்னாலை போறது சுகம் எண்டு. முதுகு காட்டிக்கொண்டு சர்ரெண்டு போனன். அங்கை நிண்ட கோச் ஒருத்தர் அதைக் கண்டிட்டார். அவ்வளவுதான், என்ரை தலையெழுத்து அண்டைக்கு எழுதியாச்சு.

"ஊர் உலகம் முழுக்க முன்னாலை போகுது, என்ரை மோன் மட்டும் பின்னாலை ஓடுறான்" எண்டு அப்பா கடை முழுக்கச் சொல்லிச் சிரிச்சார். அம்மா சிரிக்கேல்லை. "கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது? ஆனைக்கே அடி சறுக்கும், இவன் ஒரு நோஞ்சான்" எண்டா. ஆனாலும் முதல் மட்சுக்குப் போகேக்கை அவதான் என்ரை சாமான் பையைச் சாமிப்படத்துக்கு முன்னாலை வைச்சு மஞ்சள் தண்ணி தெளிச்சு விட்டவ. வெள்ளை மேற்சட்டை முழுக்க மஞ்சள் புள்ளி. கோச் என்னைப் பாத்து, உனக்கு என்ன வருத்தமோ எண்டு கேட்டார். என்னெண்டு சொல்லுறது? குழம்பு ஊத்துப்பட்டுப் போச்சுது எண்டன்.

அந்தப் பை மணக்கும். வேர்வையிலை ஊறின காப்பும் கையுறையும், ரெண்டு நாள் விட்டால் மீன்சந்தை தோத்துப்போம். அம்மா அதை வீட்டுக்குள்ளை விடமாட்டா, பல்கணியிலைதான் தொங்கும். பக்கத்து வீட்டு மனிசி வந்து சண்டை பிடிச்சால் அம்மா தனக்குத் தெரிஞ்ச அரைகுறைப் பிரெஞ்சிலை, என்ரை பிள்ளை பெரிய விளையாட்டுக்காரன் எண்டு திருப்பிச் சண்டை பிடிப்பா. எனக்கு அப்ப பத்து வயசு. ஒரு மட்சும் வெண்டிருக்கேல்லை.

பதினெட்டு முடிய மலைப்பக்கத்து நகரம் ஒண்டிலை என்னை எடுத்தாங்கள். சம்பளம் பெரிசா ஒண்டுமில்லை. கொத்துரொட்டிக்காரனை விடக் கொஞ்சம் குறைவு எண்டு அப்பா கணக்குப் பாத்துச் சொன்னார். ஆனால் அங்கை சனம் வரும், மேளம் அடிக்கும், கொடி பிடிக்கும். டிஃபென்ஸ்காரனுக்காக ஒருத்தரும் கொடி பிடிக்கிறதில்லை. அடிச்சவன்ரை பேரைத்தான் ஒலிபெருக்கியிலை சொல்லுவாங்கள். மறிச்சவன்ரை பேர் வராது. பிழை விட்டால் மட்டும் வடிவா வரும்.

பல்லு போனது ரெண்டாவது வருசம். வட்டு வந்து வாயிலை பட்டுது. அம்மா ஒரு கிழமை அழுதா, வலிக்காக இல்லை. "இனி எவள் உன்னைக் கட்டப்போறாள்?" எண்டு. பேந்து செவ்ரானிலை ஒரு வீட்டிலை சம்பந்தம் பேசப் போகேக்கை, சிரிக்காதை எண்டு என்னை வெருட்டிக் கூட்டிக்கொண்டு போனவ. நான் சிரிக்கேல்லை. அந்தப் பிள்ளை, பெடியன் சரியான உம்மணாமூஞ்சி எண்டு வேண்டாமெண்டிட்டுது.

அப்பா என்ரை மட்ச் ஒண்டுக்கும் நேரிலை வந்ததில்லை. மட்ச் எல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த நாளுகளிலைதான் சாப்பாட்டுக்கடையிலை சனம் நெரியும். அவர் போனை மா வைச்ச தகரத்திலை சாத்தி வைச்சுக்கொண்டு, ரெண்டு கையாலையும் தகட்டிலை டக்கு டக்கெண்டு கொத்திக்கொண்டு பாப்பார். தலைக்கவசத்துக்குள்ளை முகம் தெரியாது. என்ரை சட்டை நம்பரை வைச்சு, நாலாம் நம்பர் எங்கை, நாலாம் நம்பர் எங்கை எண்டு தேடுவாராம். மட்ச் முடிய நான் போன் எடுப்பன். முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்.

"கோல் அடிச்சனியோ?"

"இல்லை அப்பா."

"சரி, பறவாயில்லை, அடுத்தமுறை அடிப்பாய்."

எனக்குக் கோவம் ஏறும். எத்தினை வருசம் சொல்லியாச்சு, என்ரை வேலை அதில்லை எண்டு! ஒரு கோடைகாலம் லீவிலை வந்து நிக்கேக்கை, கடையிலை சனம் இல்லாத நேரம் பாத்து அவரைப் பிடிச்சு இருத்தினன். அம்மாவும் அண்டைக்குச் சாமான் வாங்க வந்தவ, பக்கத்திலை இருந்தா. ஒரு தட்டுப் பருப்புவடையை எடுத்து மேசையிலை பரப்பினன். இது நான், இது கோலி, கோல் காக்கிறவன், இவன் அடிக்க வாறவன். அவன் அடிக்கேக்கை நான் குறுக்கை விழவேணும். மட்டை எட்டாட்டில் கால், கால் எட்டாட்டில் நெஞ்சு. உடம்பைக் குடுத்து மறிக்க வேணும். என்ன வந்தாலும் பின்னாலை போகவிடக்கூடாது. பின்னாலை நிக்கிறவனுக்கு ஒண்டும் படக்கூடாது. அதுதான் என்ரை வேலை.

அப்பா கனநேரம் வடையைப் பாத்தார்.

"அப்ப, அடி வாங்கிறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்?"

"ஓம்."

"ஒருத்தரும் கை தட்ட மாட்டினம்?"

"இல்லை."

"அட, அப்ப நானும் நீயும் ஒரே வேலைதான்ரா செய்யிறம்" எண்டு சொல்லிப்போட்டு, எதிர்ப்பக்கத்தானா வைச்ச வடையை எடுத்துக் கடிச்சார். அம்மா மட்டும், "பின்னாலை நிக்கிறவனுக்குப் படக்கூடாது எண்டதுக்காக நீ சாவியோ?" எண்டு கேட்டா. அவ அதைக் கவனமாக் கேட்டுக்கொண்டு இருந்தவ எண்டது எனக்கு அப்ப தெரியேல்லை.

அதுக்குப் பிறகு அப்பாவின்ரை கேள்வி மாறிச்சுது. மட்ச் முடிய எடுத்தால், "இண்டைக்கு எத்தினை மறிச்சனி?" மூண்டு எண்டுவன், நாலு எண்டுவன். "கெட்டிக்காரன்" எண்டுவார். சத்தியமாச் சொல்லுறன், பத்தாயிரம் சனம் எழும்பி நிண்டு கை தட்டினாலும் எனக்கு அது வேண்டாம். அந்தக் கொத்துத் தகட்டுச் சத்தத்துக்கை அவர் சொல்லுற "கெட்டிக்காரன்" காணும்.

ஆனால் ஒண்டு மட்டும் மனசிலை கிடந்தது. ஒருக்கா, ஒரேயொருக்கா, அவர் வந்து அந்தக் குளிருக்குள்ளை இருந்து நேரிலை பாக்க வேணும். போனிலை தெரியிறது வேறை. வட்டு உடம்பிலை படுற சத்தம் நேரிலைதான் கேக்கும்.

அப்ப எனக்கு முப்பத்திநாலு வயசு. அந்த வருசத்தோடை கொன்ரா முடியிறது. கொன்ரா எண்டு இஞ்சை சொல்லுறது ஒப்பந்தத்தை. புதுப்பிப்பாங்களோ மாட்டாங்களோ தெரியாது. அந்த வருசம் பாத்து எங்கடை அணி இறுதிக்கட்டத்துக்கு வந்திட்டுது. அப்பாட்டைச் சொல்ல, "ஃபைனல் எண்டால் வாறன். முதலாளிக்கு இப்பவே சொல்லிப்போட்டன், அண்டைக்குக் கொத்து இல்லை, இடியப்பம் குடுக்கச்சொல்லி" எண்டார். அதோடை விட்டாரோ? பத்தினுவாரிலை குளிருமெண்டு தடிச்ச நீல ஜக்கெற் ஒண்டு வாங்கி, விலைத்துண்டும் கழட்டாமல் அலுமாரியிலை தொங்கவிட்டு, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் நாலாவது வரிசையிலை அவருக்கு இடம் பிடிச்சு வைச்சன்.

பேந்து ஒரு நாள் அப்பாவின்ரை போன் வேலை செய்யேல்லை. அம்மாவுக்கு எடுத்தன். "போன் கோழிக்குழம்புக்கை விழுந்திட்டுது ராசா. திருத்தக் குடுத்திருக்கு." நான் விழுந்து விழுந்து சிரிச்சன். உடுப்பு மாத்திற அறையிலை எல்லாப் பெடியளுக்கும் சொன்னன். அவங்களும் சிரிச்சாங்கள். ஒருத்தன் அண்டு முழுக்க, குழம்பு ஹலோ சொல்லுதோ எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சான்.

அந்த நேரம் அப்பா ஆசுப்பத்திரியிலை கிடந்தவர். தகட்டுக்கு முன்னாலை நிண்டபடி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவராம்.

எங்கடை சனத்திட்டை ஒரு பழக்கம் இருக்குது. கெட்ட செய்தியைத் தூரத்திலை நிக்கிற பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. சோதினை எழுதிற பிள்ளைக்குச் சொல்லக்கூடாது, பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லக்கூடாது, வேலையிலை நிக்கிறவனுக்குச் சொல்லக்கூடாது. போனிலை எப்பவும் "நாங்கள் எல்லாரும் சுகம்". அம்மாவின்ரை தேப்பன் ஊரிலை செத்தது அம்மாவுக்கு மூண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அதுவும் கோயிலிலை ஒரு மனிசி, "ஐயோ, உனக்குச் சொல்லேல்லையோ" எண்டு கேட்டுத் தெரிஞ்சது. அண்டைக்கு அம்மா நிலத்திலை உருண்டு அழுததை நான் கண்டனான். அந்த அம்மாதான் எனக்குக் கோழிக்குழம்புக் கதை சொன்னவ. இதை நினைச்சால் இப்பவும் எனக்கு விசர் பிடிக்கும்.

லா சப்பல் முழுக்கத் தெரியும்! மாமா கடையிலை அரிசி வாங்கிற சனத்துக்குத் தெரியும், தையல்கடை மனிசிக்குத் தெரியும், கோயில் ஐயருக்குத் தெரியும். ஆசுப்பத்திரிக்கு முறைவைச்சுப் போய் வந்திருக்கினம், ரசம் கொண்டுபோயிருக்கினம். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறது எண்டு சொல்லுவினமெல்லோ, ஒரு தெருவே சேந்து மறைச்சுது. தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான்.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். விடிய அம்மாவுக்கு எடுத்து, அப்பா வெளிக்கிட்டிட்டாரோ எண்டு கேட்டன். கதவு சாத்துற சத்தம் கேட்டுது. பேந்து, "லீவு குடுக்கேல்லையாம் ராசா, ஆள் காணாதாம்" எண்டா. எனக்கு வந்ததே கோவம்! "ஒரு நாள் வர ஏலாதோ அவருக்கு? என்ரை சீவியத்திலை ஒரு நாள்! கொத்துரொட்டிதான் அவருக்குப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ!" எண்டு கத்தினன். அம்மா, "ஓம் ராசா, சொல்லுறன். நீ கவனமா விளையாடு" எண்டா. குரல் அடைச்சுக் கிடந்தது. தடிமனோ எண்டு கேட்டன். ஓம், தடிமன் எண்டா.

மட்ச் சமனிலை முடிஞ்சு மேலதிக நேரத்துக்குப் போச்சுது. நாலாவது வரிசையிலை ஒரு கதிரை வெறுமையாக் கிடந்தது. நான் அண்டைக்கு விளையாடினமாதிரி ஒரு நாளும் விளையாடினதில்லை. காலிலை ஒரு அடி, விலாவிலை ஒரு அடி, ஒண்டும் பின்னாலை போகேல்லை. கடைசியிலை ஒருத்தன் தூரத்திலையிருந்து அடிச்சான். அப்பிடி ஒரு பெரிய அடியும் இல்லை, விட்டிருந்தால் கோலி பிடிச்சிருப்பான். நான் பழக்கத்திலை குறுக்கை விழுந்தன். வட்டு என்ரை சப்பாத்திலை பட்டுத் திரும்பி எங்கடை கோலுக்குள்ளையே போச்சுது. மட்ச் முடிஞ்சுது. அவங்கள் துள்ளுறாங்கள், நான் பனியிலை முகம் குப்புறக் கிடக்கிறன். என்னை ஒருத்தரும் ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வெளியிலை வந்து அம்மாவுக்கு எடுத்தன். விடியக் கத்தினது மனசுக்கை குத்திக்கொண்டு இருந்தது. அதாலை பகிடி விடுவம் எண்டு நினைச்சன். "அப்பாட்டைச் சொல்லுங்கோ, கடைசியா நான் ஒரு கோல் அடிச்சிட்டன் எண்டு. எங்கடை பக்கத்துக்குத்தான் அடிச்சது எண்டும் சொல்லுங்கோ. அவர் சிரிப்பார்."

"ஓம் ராசா, சொல்லுறன்" எண்டா அம்மா. "நாளைக்கு விடிய ரயில் எடுத்து வீட்டை வா. மாமா ஸ்ரேசனுக்கு வருவார்."

அப்பா செத்தது வெள்ளிக்கிழமை விடிய.

மாமா என்னை ஸ்ரேசனிலை சந்திச்சு, காரிலை ஏத்தி, மெல்ல மெல்லச் சொல்லுறது எண்டு ஏற்பாடு. ஆனால் கார் நெரிசலிலை மாட்டுப்பட்டுது. நான் கொஞ்சநேரம் பாத்தன். பொறுமை இருந்திருந்தால் மாமாவின்ரை வாயாலை கேட்டிருப்பன். என்னத்துக்கு நிக்கிறது, நேரை சாப்பாட்டுக்கடைக்குப் போய் அப்பாவைச் சமாதானப்படுத்துவம் எண்டு மெற்றோ எடுத்தன். வீங்கின காலோடை, அந்த நாத்தப் பையையும் மட்டையையும் தூக்கிக்கொண்டு, லா சப்பல் படியாலை நொண்டி நொண்டி இறங்கினன். இன்னும் காலமை எண்டபடியால் கனக்கக் கடை திறக்கேல்லை. சாத்திக் கிடந்த கடை ஒண்டின்ரை இரும்புக் கதவிலை, சுவரிலை, மின்கம்பத்திலை, எல்லாத்திலையும் புதுசா ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டிக் கிடந்தது. எங்கடை ஆக்கள் செத்தால் உந்தத் தெருவிலை ஒட்டுறதுதான். பசை காயேல்லை. ஆரோ பாவம் எண்டு தாண்டிப் போனன்.

ரெண்டடி போய்த் திரும்பி வந்தன்.

கோட்டும் ரையும் போட்ட அப்பா. விசாவுக்கு எடுத்த பழைய படத்தைப் பெருப்பிச்சிருந்தினம். சுத்திவரத் தாமரைப்பூ, கீழை ஒரு குத்துவிளக்கு. இன்னாரின் பாசமிகு கணவரும், அன்புத் தந்தையும். வெள்ளிக்கிழமை எண்டு போட்டிருந்தது. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். அதுக்குக் கீழை, எல்லா அஞ்சலியிலையும் போடுறமாதிரி, தகவல் தந்த ஆள் ஆரெண்டு போட்டிருந்தது.

தகவல்: மகன்.

நான்தானாம் சொன்னது! ஊருக்கெல்லாம் அறிவிச்சது நான்தானாம்! மட்ச் முடியுமட்டும் ஒட்டாதேங்கோ எண்டு மாமா சாப்பாட்டுக்கடைப் பெடியளை மறிச்சு வைச்சிருந்தவர். மட்ச் முடிஞ்சுதெல்லோ, விடிய எழும்பி ஒட்டிப்போட்டாங்கள். அவங்களிலை ஒரு பிழையும் இல்லை. இதுக்குள்ளை எனக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நினைச்சிருக்கிறாங்கள்.

எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு தெரியாது. பாண் வாங்கிக்கொண்டு வந்த வயசான ஒருத்தர் பக்கத்திலை வந்து நிண்டார். என்னை ஆரெண்டு அவருக்குத் தெரியாது.

"தெரிஞ்ச ஆளோ தம்பி?"

"ஓம் ஐயா."

"தங்கமான மனுசன். கொத்து வாங்கப் போனால் வாய் ஓயாது. மகன் ஒருத்தன் அங்காலை மலைப்பக்கம் ஏதோ விளையாடுறவனாம். அடிக்கிறவன் இல்லையாம், மறிக்கிறவனாம். அதுதான் கஷ்டமான வேலையாம், ஒருத்தருக்கும் விளங்காதாம். எங்களுக்கெல்லாம் வடையை வைச்சுக் காட்டுவார்."

நான் பைக்கு மேலை இருந்திட்டன். வாய்விட்டு அழுதன், தெரு எண்டும் பாக்கேல்லை. அந்த மனுசன் பயந்து போனார். பேந்து என்ரை முகத்தையும் சுவரிலை இருந்த முகத்தையும் மாறி மாறிப் பாத்திட்டு, பாணை நிலத்திலை வைச்சுப்போட்டு என்ரை தலையைத் தன்ரை வயித்தோடை அணைச்சுக்கொண்டு நிண்டார். மாமா ஓடி வருமட்டும் அவர் விடேல்லை.

மொட்டை அடிச்சன். கொள்ளி எண்டு இஞ்சை ஒரு பொத்தானை அமத்துறதுதான், அமத்தினன். எங்கடை அணிப் பெடியள் எல்லாரும் வந்து, அம்மா குடுத்த பூவை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டாங்கள். குழம்பு ஹலோ சொல்லுதோ எண்டு கேட்டவன்தான் எல்லாரையும் விடக் கூட அழுதவன். கொன்ரா புதுப்பிக்கேல்லை. கால் எலும்பு வெடிச்சது பொருந்த நாள் எடுத்தது, வயசும் போட்டுது, அவங்களையும் பிழை சொல்ல ஏலாது. ஆனால் கால் மாறியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன். வட்டு வாறதைக் கண்டால் குறுக்கை விழ மனம் வரவேணும். எனக்கு அது விட்டுப்போச்சுது.

எபினேயிலை அம்மாவோடைதான் இருந்தன். இருந்தன் எண்டுதான் பேர், கதைக்கிறேல்லை. சாப்பாடு வைச்சால் தின்னுவன், கேட்டால் ஓம், இல்லை. ஒரு வருசம் அப்பிடியே போச்சுது.  ஆட்டைத்திவசம் முடிஞ்சு, படைச்சு, சனமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, குசினியிலை அவ சட்டி கழுவிக்கொண்டு நிக்கேக்கை நான் கதவடியிலை நிண்டு கேட்டன்.

"அப்பா கடைசியா என்ன சொன்னவர்?"

அவ தண்ணியைப் பூட்டினா. திரும்பேல்லை.

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கு அவர்தான் சொன்னவர், அவனுக்குச் சொல்லாதை, மட்ச் முடியட்டும், கொன்ரா கிடைக்கட்டும் எண்டு. என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். அதாலைதான் எல்லாருக்கும் வாயைப் பொத்தச் சொன்னனாங்கள்." கழுவின சட்டியைத் திருப்பியும் தேய்ச்சா. "வியாழக்கிழமை பின்னேரம் கண் முழிச்சவர். குளிருது எண்டார். நான் அந்த நீல ஜக்கெற்றைக் கொண்டுபோய் மேலாலை போட்டுவிட்டன். எத்தினை மறிச்சவன் எண்டு கேட்டார். அண்டைக்கு உனக்கு மட்ச் இல்லை. நான் ஐஞ்சு எண்டன். சிரிச்சவர். பேந்து, காணும், அவனை வரச்சொல்லு எண்டார்."

"வரச்சொல்லு எண்டவரோ?"

"ஓம்."

"வியாழக்கிழமை பின்னேரம்."

"ஓம் அப்பன்."

"நீங்கள் சொல்லேல்லை."

"விடிஞ்சால் தெளிஞ்சிடுவார் எண்டு நினைச்சன். தெளிஞ்சாப்போலை, ஏன் அவனைக் குழப்பினனி எண்டு என்னை ஏசுவார் எண்டு நினைச்சன்." இப்பதான் திரும்பினா. கை முழுக்கச் சவுக்காரம். "நீதானே வடையை வைச்சுக் காட்டினனி. என்ன வந்தாலும் பின்னாலை போகவிடக்கூடாது, உடம்பைக் குடுத்து மறிக்க வேணும், பின்னாலை நிக்கிறவனுக்கு ஒண்டும் படக்கூடாது எண்டு. நீதானே சொன்னனி. நானும் மறிச்சன்."

"அம்மா!" எண்டு கத்தினன். வீடு அதிர்ந்துது. "மறிக்கிறது மற்றப் பக்கத்தான் அடிக்கிறதை! அப்பா எங்கடை ஆளெல்லோ! எங்கடை ஆள் எனக்குத் தந்த வட்டை ஆராவது மறிப்பினமோ?"

 சவுக்காரத் தண்ணி நிலத்திலை சொட்டுது.

"எனக்கு உந்த விளையாட்டு என்ன விளங்கும் ராசா?" எண்டா.

அதுக்கு மேலை எனக்குக் கோவப்பட ஏலேல்லை. போய்ப் பிடிச்சன். சின்ன உடம்பு, என்ரை நெஞ்சுக்குக்கூட வரமாட்டா. ரெண்டு பேரும் அப்பிடியே குசினி நிலத்திலை இருந்து அழுதம். மன்னிச்சனோ எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. இப்ப கதைக்கிறம். சண்டையும் பிடிக்கிறம். பல்கணியிலை கிடக்கிற பையை எறியச் சொல்லி அவ நெடுக நச்சரிப்பா, நான் எறியமாட்டன் எண்டுவன்.

அந்த நீல ஜக்கெற்றை இப்ப நான்தான் போடுறன். மாமாவின்ரை கடைக்குப் பின்னாலை மீனும் இறைச்சியும் வைக்கிற குளிரறை இருக்குது, சாமான் எடுக்கப் போகேக்கை போடுவன். அப்பா கட்டை ஆள், ஜக்கெற் கை எனக்கு மணிக்கட்டுக்கு மேலை நிக்கும். உள்ளுக்கை போய்க் கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் கேக்காது, வாயிலையிருந்து புகை வரும், பத்தினுவார் மாதிரியே கிடக்கும். ஒருத்தருக்கும் கேக்காது எண்டு தெரிஞ்சு, "வந்திட்டன் அப்பா" எண்டு சொல்லுவன். ஒவ்வொரு நாளும் சொல்லுவன். வெளியிலை மாமா, மீன் எங்கை, சனம் நிக்குது எண்டு கத்துவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வருவன்.